கேப்டன் டீச்சரின் கடல்

“கை வை… சிரி… ம், எடுத்தாச்சு. கை எடு.”

இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் அட்டைக் கப்பலுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். பாய்மரத்தின்மேல் ஒரு விரல் படும். டீச்சரின் கைபேசி மின்னும். விரல் விலகும், அடுத்த பிள்ளை நகர்ந்து வந்து நிற்கும். இப்படி இருபத்தெட்டுப் பேரும் கப்பல் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். சாயங்காலம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வரிசையாக வந்து விழும்: ‘நம் குட்டி மாலுமிகள் தங்கள் கையாலேயே செய்தது.’

கையால் செய்தவர் டீச்சரின் வீட்டுக்காரர். தபால் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சாப்பாட்டு மேசையில் குனிந்து அட்டை வெட்டியதில் கழுத்து பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை பக்கவாட்டில் பார்த்தபடியே வேலைக்குப் போனார்.

ஆசிரியர் அறையில் டீச்சருக்குக் கேப்டன் டீச்சர் என்று பெயர். முதன்முதலில் கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றிய பாடம் புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம். அதை அவர் ஒன்றரை மாதம் நடத்துவார். டீ டிகாக்ஷனில் நனைத்துக் காயவைத்த பழைய காலத்து வரைபடம், முடிச்சுப் போட்ட கயிறு, காகிதக் குழாயில் தொலைநோக்கி எல்லாம் உண்டு. இத்தனைக்கும் டீச்சர் படகில் ஏறியது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. அதுவும் ஏரியில், கால் மணி நேரம், கண்ணை இறுக மூடிக்கொண்டு. விரல் நுனிகளில் எப்போதும் காய்ந்த கோந்து இருக்கும். பேசிக்கொண்டே உரித்து உரித்துப் போடுவார். “புள்ளைங்க செஞ்சு கத்துக்கணும் சார், அதான் படிப்பு” என்று தலைமையாசிரியரிடம் சொல்லும்போதும் அவர் காலடியில் கோந்துச் சுருள்கள் உதிர்ந்துகொண்டிருக்கும்.

மாதக்கணக்கில் கடலில் கிடந்தவர்களுக்குப் பழம் கிடைக்காமல் ஈறு வீங்கி ரத்தம் வந்த கதையைப் பிள்ளைகள் சுவைத்தே உணர வேண்டும் என்று ஒருநாள் ஆரஞ்சு வாங்கி வந்தார். சுளை சுளையாகப் பிரித்து வெள்ளைத் தட்டில் பூப்போல அடுக்கினார். பிள்ளைகளுக்கு வாயில் எச்சில் ஊறியது. படம் எடுத்தார். “யாரும் கலைச்சிடாதீங்க, பக்கத்து கிளாஸ் பாக்கணும்ல” என்றார். தட்டு மூன்று வகுப்புகளைச் சுற்றிவிட்டு ஆசிரியர் அறையில் கரை சேர்ந்தது. அன்றைக்கு ஆசிரியர்களில் ஒருவருக்கும் ஈறு வீங்கவில்லை.

கெட்ட மனசு இல்லை அவருக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் கத்தரியும் கோந்தும் பிள்ளைகள் கையிலேயே இருந்தன. ஒருநாள் கோந்து டப்பா கவிழ்ந்து, இரண்டு பேர் தரையோடு ஒட்டிக்கொண்டு அழுத நேரம் பார்த்து அப்போதைய தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். “இது வகுப்பா, சந்தையா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டுப் போனார். அன்றோடு பிள்ளைகளின் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின. பதினொரு வருஷமாக அங்கேயே இருக்கின்றன.

சென்ற மாதம் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்தார். செயல்வழிக் கற்பித்தலை மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சியாளர் பதவிக்குக் கேப்டன் டீச்சரின் பெயர் போயிருந்தது.

அதிகாரி பிள்ளைகளின் குட்டி நாற்காலியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தார். காந்தத்தால் கரும்பலகையில் மாட்டியிருந்த திசைகாட்டிப் படத்தின் முன் கொஞ்சம் நின்றார். அதில் நிஜ ஊசி ஒன்று கோந்து போட்டு ஒட்டியிருந்தது. இதைத் தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்த்ததுண்டா என்று விசாரித்தார்.

“ஊசிங்க மேடம்… குத்திடும்” என்றார் டீச்சர்.

அதிகாரி ஊசியைப் பிய்த்தெடுத்தார். காந்தத்தையும் கழற்றிக்கொண்டு, ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டார். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, “யார் செய்றீங்க?” என்றார்.

இருபத்தெட்டு ஜோடிக் கைகளும் ஒரே நேரத்தில் முதுகுக்குப் பின்னால் போயின. சொல்லிவைத்தாற்போல, அவ்வளவு ஒழுங்காக. அதிகாரி அந்தக் காணாமல்போன கைகளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வரிசையிலிருந்து இரட்டைப் பின்னல்காரி ஒருத்தி எழுந்து வந்தாள். டீச்சர் முகத்தைப் பார்த்தாள். டீச்சருக்கு வேறு வழியில்லை, தலையாட்டினார். அதிகாரி சொன்னபடி அவள் ஊசியைக் காந்தத்தில் ஒரே பக்கமாக முப்பது தடவை தேய்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்துக் கப்பலின் நங்கூரத்திலிருந்து ஒரு துண்டு தெர்மாகோலைப் பட்டென்று ஒடித்தாள். டீச்சரின் நெஞ்சே ஒடிந்தது. ஊசியைத் துண்டில் செருகித் தண்ணீரில் விட்டாள். அதிகாரி காந்தத்தைத் தூரமாக எடுத்து வைத்தார்.

ஊசி தடுமாறியது. மெல்லத் திரும்பியது. நின்றது. வரிசை கலைந்து பிள்ளைகள் கிண்ணத்தைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள்.

நான்கு சுவரிலும் திசைகளின் பெயர்கள் எழுதியிருந்தன. வரைபடத்தில் வடக்கு மேலே இருப்பதால், வகுப்பிலும் கரும்பலகைக்கு மேலே ‘வடக்கு’ என்று சிவப்பு மையில் எழுதிவைத்தவர் டீச்சர்தான். ஊசிமுனை அங்கே போகவில்லை. ‘மேற்கு’ என்று எழுதியிருந்த வாசலை நேராகக் காட்டிக்கொண்டிருந்தது.

“டீச்சர், வடக்கு வாசப்பக்கம் இருக்கு” என்றாள் பின்னல்காரி.

தண்ணீர் இன்னும் ஆடுகிறது, நின்றால் சரியாகிவிடும் என்றார் டீச்சர். தண்ணீர் எப்போதோ நின்றிருந்தது. அவர் கிண்ணத்தையே பிடித்துக் கரும்பலகைப் பக்கமாகத் திருப்பினார். ஊசி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் வாசலுக்கே வந்தது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அதிகாரி பேனாவை மூடினார்.

டீச்சர் குனிந்தார். “சில நேரம் அப்படித்தான் காட்டும், கண்ணு” என்று சொல்லி, ஆள்காட்டி விரலால் ஊசியைத் தள்ளிக் கரும்பலகைக்கு நேராகக் கொண்டுவந்தார். பிறகு விரலை எடுக்காமல், அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.