எட்டுக் குண்டுக்கு ஓர் எருமை

பயனர் உடன்படிக்கை, பதினான்காவது பிரிவு, மூன்றாவது உட்பிரிவு இப்படிச் சொல்கிறது: ஒருவருடைய கணக்கை நிறுத்தி வைப்பதற்கு முன்பு, அதற்கான காரணத்தை அவருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, விளக்கம் அளிக்க நியாயமான அவகாசம் தர வேண்டும். இதைப் படித்துவிட்டுத்தான் 'சம்மதம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்த உடன்படிக்கையை முழுக்கப் படித்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருக்கக்கூடும்: எழுதிய வக்கீலும் நானும். வக்கீல் இந்நேரம் மறந்திருப்பார்.

நான் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு கடைநிலை ஊழியரின் அரை நாள் சம்பளத்தைப் பிடிக்க வேண்டும் என்றாலும் முதலில் குறிப்பாணை, பிறகு அவருடைய விளக்கம், அதன் பிறகே உத்தரவு. இந்த வரிசையை மீறி வந்த சம்பளப் பட்டியல்களை மேலதிகாரி முகம் சுளித்தாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஆகவே ஓர் இணைய விளையாட்டுக் கம்பெனி இந்த வரிசையைத் தானாகவே எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அதன் மேல் மரியாதை வந்துவிட்டது. அதுதான் முதல் தவறு.

என்னை அதற்குள் கூட்டிப் போனவர் என் நண்பர். கடற்கரைக்காரர்; துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்று, பாளையங்கோட்டையில் மகள் வீட்டோடு இருக்கிறார். சாயங்கால நடையில் பழக்கம். வந்து நின்ற கப்பல்களின் சிப்பந்திகளிடம் கற்றுக்கொண்ட விளையாட்டு என்றார். பணம் புழங்கும் இணைய விளையாட்டுகளுக்கு இங்கே சட்டம் வருவதற்கு முந்தைய ஆண்டுகள் அவை.

அதில் ஒரு கிரகம் இருக்கிறது. நாம் ரூபாய் கட்டினால் அது அந்தக் கிரகத்தின் நாணயமாக மாறும். மிஞ்சியதை விண்ணப்பித்தால் ரூபாயாகத் திரும்பி வரும். காடு, சதுப்பு, ஆறு எல்லாம் உண்டு. மிருகத்தைச் சுட்டு வீழ்த்தினால் தோலோ எண்ணெயோ கிடைக்கும். எப்போதாவது ஒரு நல்ல கருவி கிடைக்கும். சுடக் குண்டு வேண்டும், அதற்குக் காசு. சுடச்சுடத் துப்பாக்கி தேயும், சரிசெய்யக் காசு. மிருகம் கிட்டே வந்து கடித்தால் கவசம் தேயும், காயத்துக்கு மருந்து, அதற்கும் காசு. போட்டது ஏறக்குறைய முழுவதும் திரும்பி வரும். முழுவதும் மட்டும் வராது. கம்பெனி பிழைப்பது அந்த ஏறக்குறையில்தான். நமக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும் என்றால் செலவைக் குறைக்க வேண்டும், கிடைத்த தோலை அவசரப்படாமல் ஏலத்தில் விற்க வேண்டும். வேறு வித்தை கிடையாது.

பெரும்பாலோர் பெரிய துப்பாக்கி வாங்கி நொடித்துப் போனார்கள். நான் ஒரு பைசாவுக்கு எவ்வளவு அடி விழுகிறது என்பதை மட்டும் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில், கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத மங்கலான பச்சை நிறத் துப்பாக்கி ஒன்றுதான் தேறியது. பிறகு துப்பாக்கிக்கு ஏற்ற மிருகத்தைத் தேடினேன். ஓர் ஆற்று வளைவில் ஆறு காலோடு எருமை மாதிரி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையவில்லை; எருமை என்றே வைத்துக்கொண்டோம். என் துப்பாக்கியின் எட்டுக் குண்டுக்கு அதன் உயிர் சரியாக முடியும். ஒன்பதாவது குண்டு கேட்கிற மிருகம் என்றால் அந்த ஒன்பதாவதின் பலத்தில் முக்கால்வாசி, செத்த உடம்பைச் சுடுவதற்கே போகும். துப்பாக்கி எட்டுகிற கடைசித் தூரத்தில் நின்று சுட்டால், எருமை நம்மை நெருங்குவதற்குள் விழுந்துவிடும். ஆகவே கவசமும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். நடப்பதற்கும் ஒரு வட்டம் போட்டுக்கொண்டேன். ஒரு சுற்று முடிந்து முதல் இடத்துக்கு வரும்போது அங்கே புதிய எருமைகள் முளைத்து நிற்கும். அங்கே வண்டியும் உண்டு; நடந்தே சுற்றியதால் அதன் எரிபொருள் மிச்சம்.

காலையில் குளித்து, இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்கு உட்காருவேன். பகல் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பேன். ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சியது. பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கிரகத்தில் மிஞ்சுவது என்பதே அரிது.

நண்பர் எனக்கு நேர் எதிர். கண்ணில் படுவதையெல்லாம் சுடுவார். துரத்திக்கொண்டே போய் ஆற்றில் விழுவார். அங்கே இறந்தால் உயிர் கொடுத்து எழுப்புகிற மையம் ஒன்று இருக்கிறது. அவர் பாதி நாள் அங்கேதான் குடியிருந்தார். என் வட்டத்தை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வேட்டைக்கு வந்தீரா, தணிக்கைக்கு வந்தீரா வே? அந்த எருமையே நீரு எப்ப வருவீருன்னு மணி பாத்துட்டுல்லா நிக்கி."

ஒரே ஒரு நாள் அவரோடு போனேன். அவருடைய ஊர் மாதா கோயில் திருவிழா அன்று. கணக்குப் பார்க்காமல் ஒரு நாள் தன்னோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வடக்கே ஒரு பள்ளத்தாக்கில் மலை அளவுக்கு ஒரு ஜந்து உண்டு. இருபது பேர் சேர்ந்து அடிக்க வேண்டியது. நாங்கள் இரண்டு பேர் போனோம். நான் கையிருப்புக் குண்டு முழுவதையும் அதன் கால் நகத்தில் சுட்டேன். அது ஒரு தடவை மிதித்தது. மையத்தில் எழுந்தேன். இன்னும் குண்டு வாங்கிக்கொண்டு மறுபடி போனேன், மறுபடி மிதித்தது. மூன்றாவது முறை போகும் வழியில், கோபத்தில், ஒரு பாறையைக் கொஞ்ச நேரம் சுட்டேன். நண்பர் காதுக்கருவியில் சிரித்துக்கொண்டே இருந்தார். அன்று போனதை மீட்க எனக்கு இரண்டு வாரத்து எருமைகள் தேவைப்பட்டன. அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

பங்குனி மாதம் ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு உட்கார்ந்தால் உள்ளே விடவில்லை. 'தானியங்கி நிரல் பயன்படுத்தியதாகக் கண்டறியப்பட்டதால் இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது' என்று இரண்டு வரி. ஆள் இல்லாமல் கணினியே விளையாடும்படி நிரல் எழுதிவிட்டுச் சிலர் மோசடி செய்வது உண்டு. ஒரே நேரத்துக்கு வருகிறான், ஒரே வட்டத்தில் நடக்கிறான், எருமைக்கு எட்டுக் குண்டுக்கு மேல் செலவழிப்பதில்லை, எதற்கும் ஆசைப்படுவதில்லை. இவன் மனிதனாக இருக்க முடியாது என்று அவர்களுடைய இயந்திரம் முடிவு செய்துவிட்டது. குறிப்பாணை இல்லை. விளக்கம் கேட்கவில்லை. பதினான்காவது பிரிவு காற்றில் போயிற்று.

துப்பாக்கியும் விற்காத தோலும் உள்ளே மாட்டிக்கொண்டன. அதுகூடப் பெரிதில்லை. வேலை பார்த்த காலம் முழுவதும் என் மேல் ஒரு குற்றச்சாட்டு கிடையாது. ஒரு சாதாரண விளக்கம்கூட என்னிடம் யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, எருமை சுட்டதற்காக, மோசடிக்காரன் என்று ஒரு பெயர். அதை எழுத்தில் நீக்காமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"மிஷின்னு கண்டுபிடிச்சிட்டானாமா அத்தான்? நான் கல்யாணம் ஆன நாள்லருந்து சொல்லுதேன், ஒருத்தரும் காதுல வாங்கல."

முறைப்படி மேல்முறையீடு எழுதினேன். பொருள், பார்வை, எண் எல்லாம் போட்டு, மீறப்பட்ட உட்பிரிவை எடுத்துக் காட்டி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். உடனே பதில் வந்தது. உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்றது. எழுதியது ஆள் இல்லை, இயந்திரம். என்னை இயந்திரம் என்று சொல்லிவிட்டு, அதற்கு நான் எழுதிய மறுப்பைப் படிக்க ஓர் இயந்திரத்தை உட்கார்த்தி வைத்திருந்தார்கள்.

அரசு நடைமுறை அறிந்தவன் ஒரு மனுவைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்க மாட்டான். வாரம் ஒரு நினைவூட்டு அனுப்ப வேண்டும். நினைவூட்டு ஒன்று, நினைவூட்டு இரண்டு என்று மேலே தலைப்புப் போட்டு அனுப்பினேன். அசைவில்லை என்றதும் மேலாளருக்கு நேர்முகக் கடிதம். நினைவூட்டு இல்லாத கோப்பு அடியில் போய்விடும் என்பது எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவருக்குக்கூட முதல் வாரத்தில் தெரிந்துவிடும். சித்திரை முழுவதும் இப்படிப் போயிற்று.

வைகாசியில்தான் அவர்களுடைய உதவிப் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், ஒரு குறிப்பைக் கண்டேன். காத்திருக்கும் கோரிக்கையோடு புதிய கடிதம் ஏதாவது சேர்த்தால் அந்தக் கோரிக்கை புதிதாக வந்ததாகக் கருதப்பட்டு வரிசையின் கடைசிக்குச் செல்லும். வாரம் தவறாமல் என்னை நானே வரிசையின் வாலுக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டுக் குண்டுக்கு மேல் போகாத அதே ஒழுங்கோடு.

அந்த மாதம்தான் ஓய்வூதியர் நேர்காணல். உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் காட்டிவிட்டு வர வேண்டும். விரல் ரேகைக் கருவியில் என் விரல் விழவில்லை. துடைத்து வைத்தேன், வேறு விரல் வைத்தேன், விழவில்லை. அந்தக் கருவிக்கும் நான் இல்லை. இருக்கையிலிருந்த பெண் என்னோடு வேலை பார்த்தவள். கருவியைத் தள்ளி வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அது கெடக்கு சார். நீங்க இருக்கீங்கன்னு நான் எழுதுதேன்" என்று சொல்லிச் சான்றை முடித்துக் கொடுத்தாள்.

அந்தச் சான்றின் நகலை, வரிசையின் வாலுக்குப் போனாலும் போகட்டும் என்று, கம்பெனிக்கு அனுப்பினேன். இந்த முறை ஆள் எழுதின மாதிரி ஒரு பதில் வந்தது. இணைக்கப்பட்ட ஆவணம் மனுதாரர் உயிருடன் இருப்பதைக் காட்டுகிறது. கணக்கை இயக்கியது மனிதர் என்பதைக் காட்டவில்லை. கூடுதல் ஆதாரம் இருந்தால் ஒருமுறை சமர்ப்பிக்கலாம். படித்துப் பார்த்தால் தர்க்கம் சரிதான். எனக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான். நானும் இப்படி எத்தனையோ பேருக்கு எழுதியிருப்பேன்.

ஆதாரத்துக்கு எங்கே போவது? என் வேட்டை முழுவதும் எனக்கு எதிரான சாட்சி. அத்தனை சுற்றிலும் ஒரு தடுமாற்றம் கிடையாது. வயிற்றுவலி வந்த அன்றும் எட்டுக் குண்டுதான். சாயங்காலம் நடக்கும்போது இதை நண்பரிடம் சொன்னேன்.

"திருவிழா அன்னைக்கு என்கூட வந்தீருல்லா? அதச் சொல்லும்" என்றார்.

அதை எப்படி எழுத்தில் சொல்வது என்று கேட்டேன். ஒரு பொறுப்புள்ள மனிதன் செய்கிற காரியமா அது?

"பைய யோசிச்சுப் பாரும். கையில இருந்த குண்டெல்லாம் அது நகத்துல சுட்டீரு. மிதி வாங்கினீரு. மறுபடி போயி வாங்கினீரு. பொறவு பாறையப் போட்டுச் சுட்டீரு. எந்த மிஷின் வே பாறைய வையும்?"

உண்மையில் நான் அன்று பாறையைத் திட்டவும் செய்தேன். அது அவருக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. பதினான்காவது பிரிவைப் பற்றி மேலும் இரண்டு பக்கம் எழுதலாம். இல்லையென்றால் அந்த நாளைப் பற்றி எழுதலாம். இரண்டு நாள் எழுதிக் கிழித்தேன். கடைசியில், குறிப்பிட்ட நாளில் மனுதாரர் போதிய பலம் இல்லை என்று தெரிந்தே ஒரு மிருகத்தை மூன்று முறை தாக்கச் சென்றார் என்றும், இலாபம் கிடைக்காது என்று தெரிந்தே கையிருப்பு முழுவதையும் செலவிட்டார் என்றும், உயிரற்ற பாறையைக் காரணமின்றிச் சுட்டார் என்றும் எழுதினேன். என் அலுவலகத்தில் இப்படி ஒரு வாக்குமூலம் வந்திருந்தால் எழுதியவரைப் பணியில் வைத்திருக்க மாட்டோம். அனுப்பிவிட்டு நினைவூட்டு போடாமல் இருந்தேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. பத்து மணி ஆனால் கை தானாக மேசைக்குப் போகும். மனைவி கீரைக்கட்டை என் முன்னால் வைத்துவிடுவாள். ஆனித் தேர் ஓடி நிலை சேர்ந்தது. சாரல் காற்று வந்தது. பதில் வரவில்லை.

வந்தபோது நான் ஆற்றிலிருந்து திரும்பியிருந்தேன். படித்துறையில் நல்ல கூட்டம். என் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஈர வேட்டியை மாற்றாமலே கணினியைத் திறந்தேன். மூன்று வரி. குறிப்பிட்ட நாளின் செயல்பாடுகள் ஆராயப்பட்டன. அவை எந்தத் தானியங்கி நிரலின் இயல்புக்கும் பொருந்தாதவை. கணக்கு மீட்டுத் தரப்படுகிறது.

வருத்தம் என்று ஒரு சொல் இல்லை. பதினான்காவது பிரிவைப் பற்றிப் பேச்சே இல்லை. குற்றச்சாட்டு நீக்கப்பட்டதா என்று எங்கும் சொல்லவில்லை. செலவு பார்த்துச் சுட்ட மாதங்கள் அப்படியே சந்தேகத்தில் நிற்கின்றன. பாறையைச் சுட்ட ஒரு நாள் மட்டும் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறது. மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அப்ப மனுசன்தானாமா?" என்றாள். "சரி, எலை போட்டாச்சு, மொதல்ல காக்கைக்குச் சோறு வைங்க அத்தான்."

கடிதம் கிடைத்த தேதியை அதன் மேல் மூலையில் குறித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது என் பழக்கம். குறித்தேன்: ஆடி அமாவாசை.