செம்மஞ்சள் விளக்குடன் வால்பாறைக்கு

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டு பத்துக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் என் வீட்டிலிருந்து புறப்பட்டோம். கோவை வரை பதினேழு கிலோமீட்டர், அங்கிருந்து பொள்ளாச்சி நாற்பத்து மூன்று, பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை அறுபத்து நான்கு. இந்தக் கடைசித் தொலைவில் கொண்டை ஊசி வளைவுகள் நாற்பது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. மழைக்காலத்தில் பல நாள்கள் அந்தப் பலகையே கண்ணுக்குத் தெரிவதில்லை.

என் தங்கை மரகதம் வால்பாறையில் இருந்தாள். அவள் கணவர், நான் மாப்பிள்ளை என்றழைக்கும் நாச்சிமுத்து, தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டு பணிசெய்து ஓய்வு பெற்றவர். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனை அவளை வீட்டுக்கு அனுப்பி நான்கு நாள்கள் ஆகியிருந்தன. அன்று காலை பதினொன்றரைக்கு மாப்பிள்ளை தொலைபேசியில் அழைத்தார்.

"மச்சான், பொழுது உளுகறதுக்குள்ள வந்துருங்க. அண்ணன் எங்க, அண்ணன் எங்கன்னே கேட்டுட்டு இருக்கறா. ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாருங்க."

ஞாயிறுதோறும் தொலைபேசியில் ஒரு பதிகத்தைச் சேர்ந்து ஓதுவது எங்கள் இருவருக்கும் வழக்கம். எழுபத்து மூன்று வயதில் எனக்கு அடிகள் மறக்கத் தொடங்கியிருந்தன. மறந்த இடத்தில் அவள் எடுத்துக் கொடுப்பாள். குறையாக ஒரு சொல் சொன்னதில்லை. "மூச்சு வாங்கிக்குங்கண்ணா" என்பாள். அவள் தலைமாட்டில் அமர்ந்து ஒரு பதிகம் பாடிவிட வேண்டும். அதைத் தவிர வேறு எந்த எண்ணமும் இல்லாமல் வண்டியில் ஏறினேன்.

வண்டி என்னுடையது. கண் மங்கிய பிறகு நான் ஓட்டுவதில்லை; வெளியூர் செல்ல வேண்டுமானால் நாள் கூலிக்கு வரும் ஆக்டிங் டிரைவரை அழைத்துக்கொள்வேன். அன்று வந்தவர் வேலுச்சாமி, நாற்பத்தைந்து வயதிருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தவர் முன்பக்கத்துப் பனிவிளக்குகளைக் குனிந்து பார்த்து நின்றுவிட்டார்.

"ஏனுங்கய்யா, இந்த பாக் லைட்டை ஆரு மாட்டுனது? இண்டிகேட்டர் கலர்ல இருக்குதுங்களே."

"நான்தான். போன மாதம் உக்கடத்தில் போட்டேன்."

"பனிக்கு மஞ்சளுங்க. இது ஆரஞ்சு."

உக்கடத்துக் கடைக்காரர் காதர் பாயும் அதைத்தான் சொல்லியிருந்தார். மேசைமேல் இரண்டு சோடி விளக்குகளை ஏற்றிக் காட்டினார். ஒன்று எலுமிச்சை மஞ்சள். மற்றது அம்பர் என்று அவர் சொன்ன செம்மஞ்சள், அணையப்போகும் தணலின் நிறம். "ஐயா, அது பசங்க அழகுக்கு மாட்டறதுங்க. மலைக்குப் போறவங்க இதை வாங்குங்க" என்று மஞ்சளை என் பக்கம் தள்ளினார். நான் கேட்கவில்லை. இறைவனின் மேனியை அந்தி வானத்துக்கும் செம்பொன்னுக்கும் ஒப்பிட்டுப் பாடும் பாடல்களை நாள்தோறும் ஓதுகிறவன் நான். அந்தச் செவ்வொளி வண்டிக்கு முன்னால் செல்லட்டும் என்று ஆசைப்பட்டு, ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். "உங்க இஷ்டமுங்க" என்று பாய் மஞ்சள் சோடியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

இரண்டேகாலுக்குப் பொள்ளாச்சி. வானம் ஆனைமலைப் பக்கம் கறுத்துத் தாழ்ந்திருந்தது. பேருந்து நிலையத்துக்கு அருகே தேநீர் குடித்தோம். பதினைந்து ரூபாய், சுவை நினைவில் இல்லை. எதிரே வண்டிச் சாமான் கடை ஒன்று திறந்திருந்தது. வேலுச்சாமி அதைக் காட்டினார்.

"மஞ்சள் லைட் இருக்குதான்னு கேட்டனுங்க. இருக்குதாம். அரை மணி நேரத்துல மாட்டிக் குடுத்துருவாங்க. மேல இன்னைக்குப் பனி கனமாத்தான் இருக்கும்னு பஸ்காரங்க பேசிக்கறாங்க."

"அரை மணி நேரம் என்னிடம் இல்லை, வேலுச்சாமி."

"சரிதானுங்க. ஆனா..."

"வெளிச்சம் வெளிச்சம்தானே? நிறத்தில் என்ன இருக்கிறது?"

நிறத்துக்காகவே அதை வாங்கியவன் நான். அது எனக்கே உறைத்தது. உறைத்தும் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வேலுச்சாமி தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தார்.

ஆழியாறு சோதனைச் சாவடியில் மணி இரண்டு ஐம்பத்தைந்து. அணை நீர் சாம்பல் பூசியதுபோல் கிடந்தது, அக்கரை தெரியவில்லை. மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு முதல் வளைவின் பலகையைக் கண்டதும் மாப்பிள்ளையை அழைத்து, ஒன்றாவது வளைவுக்கு வந்துவிட்டோம் என்று சொன்னேன். அவர் அதை உரக்கத் திருப்பிச் சொன்னது கேட்டது. அவளுக்குச் சொல்கிறார் என்று புரிந்தது. அத்துடன் தொடர்பு அறுந்தது.

ஒன்பதாவது வளைவு வரை சாலை தெளிவாக இருந்தது. அங்கே நின்று அணையைப் பார்ப்பது எல்லோருக்கும் வழக்கம். அன்று பார்வையிடத்தில் ஒருவரும் இல்லை. அட்டகட்டியைத் தாண்டியதும் மூடுபனி இறங்கிவிட்டது. இதுவரை அதற்குள் பயணம் செய்யாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலிருந்து பார்ப்பவருக்கு வெண்மேகமாகத் தெரிவது, உள்ளே இருப்பவருக்கு ஈரச் சுவர். வண்டி நகர்கிறதா, சுவர் நகர்கிறதா என்று தெரியாது. வேலுச்சாமி முகப்பு விளக்கை அணைத்துவிட்டார்.

"ஏன் அணைத்துவிட்டீர்கள்?"

"வெள்ளை லைட்டு பனியில பட்டுத் திரும்பி நம்ம மூஞ்சிலயே அடிக்குமுங்கய்யா. மஞ்சளா இருந்தா கீழ தரையப் புடிச்சுட்டுப் போகும். இருக்கறதை வெச்சுப் போறனுங்க."

அப்போது முன்னால் சென்றது என் செம்மஞ்சள் வெளிச்சம் மட்டுமே. சாலையின் வெள்ளைக் கோடு இரண்டு முழத்துக்குமேல் தெரியவில்லை. பதிகத்தை வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். நான்காம் பாடலில் அடி மறந்து நின்றது. எடுத்துக் கொடுப்பவள் மேலே காத்திருந்தாள்.

நான்கு மணி ஐந்து நிமிடம். முப்பதைத் தாண்டிய ஒரு வளைவு. எண்ணை நான் பார்க்கவில்லை. எங்களுக்கு இடப்பக்கம் மலைச்சரிவும் அதன் அடியில் வடிகாலும். எதிரே உறுமல் கேட்டது. அடுத்த கணம் பேருந்தின் முகம் பனியைக் கிழித்துக்கொண்டு சாலையில் எங்கள் பாதிக்கு வந்தது. வேலுச்சாமி இடப்பக்கம் ஒடித்தார். இரண்டு இடச் சக்கரங்களும் வடிகாலில் இறங்க, வண்டி சரிந்து நின்றது. பேருந்து ஒரு சாண் இடைவெளியில் எங்கள் கதவுக்கு அருகே நின்றது. ஒருவருக்கும் காயமில்லை.

நடத்துநர் குதித்து ஓடி வந்தார். "ஏனுங்க, ஓரங்கட்டி நிக்கற வண்டியின்னுல்லங்க நெனச்சோம்!"

பேருந்து ஓட்டுநர் இறங்கி வந்து எங்கள் முன்விளக்குகளையே பார்த்தார். நரைத்த மீசைக்காரர்.

"மஞ்சள் தெரிஞ்சா வண்டி வருதுன்னு நாங்க ஒதுங்குவோம். இண்டிகேட்டர் கலரு ரெண்டு தெரிஞ்சா பார்க்கிங் லைட்டப் போட்டுட்டு ரோட்டுக்கு வெளிய நிக்கறாங்கன்னு வளைவ அகலமா எடுத்துத் திருப்புவோம். பதினெட்டு வருசமா இந்த ரோட்டுல அப்படித்தான். நீங்க சீர் கொண்டு போற வண்டியாட்ட சோடிச்சுட்டு வந்திருக்கறீங்களே டிரைவரே?"

வேலுச்சாமிக்கு முகம் சிவந்தது. என்னைக் கைகாட்டி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தப்புத்தானுங்க" என்றார்.

நான் குனிந்து வடிகாலில் இறங்கிய சக்கரத்தைப் பார்த்தேன்.

பேருந்துக்கு முன்னே போகவும் இடமில்லை, பின்னே வரவும் வளைவு விடவில்லை. எங்கள் வண்டியை எடுத்தால்தான் வழி. மேலே செல்ல வேண்டிய வண்டிகள் எங்களுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒன்றுகூட எங்களைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். சக்கரம் சேற்றில் சுழன்றதே தவிர ஏறவில்லை. தொலைபேசியில் சமிக்ஞை இல்லை. கூடையுடன் நின்ற ஒரு பெண்மணி என் வயதைப் பார்த்து, "உள்ள வந்து உக்காருங்க பெரியவரே, எல்லாம் சரியாப் போயிரும்" என்று பேருந்துக்குள் இடம் கொடுத்தார். நான் ஏறவில்லை. சாலையில் நின்று, என் வண்டியின் இரண்டு விளக்குகளும் பனியில் எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தன.

ஐந்து மணிக்கு மலைமேலிருந்து தோட்டத்து ஜீப் ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்தது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு மறுபடி புறப்பட்டோம். இம்முறை எதிரே வருபவர்களுக்குத் தெரியட்டும் என்று வேலுச்சாமி முகப்பு விளக்கை ஏற்றிக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டியபடி ஓட்டினார். கவர்க்கல்லில் பனி இன்னும் கெட்டியாக இருந்தது. அதன்பின் ரொட்டிக்கடை என்ற ஊரைக் கடந்தோம்.

ஐந்து ஐம்பதுக்கு வீட்டு வாசலை அடைந்தோம். வெளியே செருப்புகள் குவிந்திருந்தன. அதைப் பார்த்த பிறகு யாரும் எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளை என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார். "அஞ்சரைக்குங்க மச்சான்" என்றார். அவள் முகம் சற்றே வாசல் பக்கம் திரும்பியிருந்தது.

"நீங்க ஒண்ணாவது வளைவுன்னு சொன்னதும் எண்ண ஆரம்பிச்சுட்டாளுங்க. இந்த ரோடுதான் அவளுக்கு மனப்பாடமாச்சே. இப்ப ஒம்பது, அண்ணன் நின்னு டேமைப் பாக்கும்னா. இப்ப இருவதுன்னா. நாப்பது முடிஞ்சுது, நீங்க வல்லே. நாந்தான் வேகமா எண்ணிப்போட்டேனாட்ட இருக்குது, மறுக்காலும் மொதல்லருந்து எண்ணறேன்னா." அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். "இருவத்தாறு வரைக்கும் எண்ணுனாளுங்க."

கூடியிருந்தவர்களில் ஒருவர், "ஏனுங்க இவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"மூடுபனி" என்றேன். வாசலில் நின்ற வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றிரவும் மறுநாள் அவள் உடல் சுடுகாடு சேரும் வரையிலும் பதிகம் பாடினேன். ஓர் அடிகூட மறக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மூன்றாம் நாள் காரியம் முடிந்து காலை பத்து மணிக்குப் புறப்பட நின்றபோது, வண்டியின் முன்பக்கம் எலுமிச்சை மஞ்சளில் இரண்டு விளக்குகள் புதிதாக இருந்தன. வேலுச்சாமி தாமாகவே வால்பாறைக் கடையில் மாற்றி வந்திருந்தார். வழியனுப்ப வந்த மாப்பிள்ளை அவற்றைப் பார்த்தார்.

"புதுசுங்களா மச்சான்?"

ஆம் என்று சொல்லி வண்டியில் ஏறியிருக்கலாம். நான் ஏறவில்லை. உக்கடத்தில் கடைக்காரர் சொன்னதையும், பொள்ளாச்சியில் வேலுச்சாமி எச்சரித்ததையும், பேருந்து ஓட்டுநர் சொன்னதையும் வரிசையாகச் சொன்னேன். பனி என்று சொன்னது பாதி உண்மைகூட அல்ல என்றேன்.

மாப்பிள்ளை வேலுச்சாமியைக் கேட்டார். "இதை மாட்ட எத்தன நேரமாச்சு தம்பி?"

வேலுச்சாமி என்னைப் பார்த்தார். "இருவது நிமிசமுங்க."

முப்பத்தைந்து ஆண்டு தொழிற்சாலைச் சங்குக்கு ஏற்ப நேரம் பார்த்தவர் அவர். மனத்துக்குள் கூட்டிக் கழிப்பதை அவர் கண்களில் பார்த்தேன். பொள்ளாச்சியில் அரை மணி நின்றிருந்தாலும் ஐந்து இருபதுக்கு வந்திருப்பேன். அந்தக் கணக்கை நானும் முந்தைய இரண்டு இரவுகள் போட்டுப் பார்த்திருந்தேன்.

"ரெண்டாந் தடவ எண்ணறப்ப, அண்ணன் வர்ற சத்தம் கேக்கோணும்னு கதவைத் தொறந்து வெக்கச் சொன்னா" என்றார். "தொறந்து வெச்சனுங்க. பனிதான் உள்ள வந்துச்சு."

மழைக்காலத்தில் இந்த மலைக்குச் செல்ல நினைப்பவர்களுக்கு என்னிடமிருப்பது ஒரு வரிதான்: மஞ்சள் விளக்கு பொருத்துங்கள், செம்மஞ்சள் வேண்டாம். எதிரே வருபவர் உங்களைக் காண்பது அந்த விளக்கில்தான். அவர் கண்ணுக்கு நீங்கள் வந்துகொண்டிருக்க வேண்டும், நின்றுவிட்டவராகத் தெரியக்கூடாது.

மாப்பிள்ளை கதவைத் திறந்து என்னை உட்காரவைத்தார். என் வேட்டி நுனி வெளியே தொங்கியதை எடுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"பாத்துப் போங்க மச்சான்."

துக்க வீட்டிலிருந்து கிளம்புகிறவர் 'வாரேன்' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம், நான் சொல்லவில்லை. எந்த நாளும் 'போயிட்டு வாங்க' என்று சொல்லும் அவர் அன்று அப்படிச் சொல்லாததும் அந்த வழக்கத்தால்தானா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை.