தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

அருங்காட்சியகத்துக்கு வரும் பிள்ளைகள் அவளை அட்டைக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கடை கடையாக ஏறி இறங்கிக் காலி அட்டைப்பெட்டி சேர்ப்பவள், விரல் நுனியில் எப்போதும் பசை காய்ந்திருப்பவள். வேறென்ன பெயர் பொருந்தும்? கணவன் கண்ணை மூடிய பிறகு நுழைவுச்சீட்டுக் கிழிக்க வந்தவள், இன்று பட்டறை நடத்துகிறாள். கண்ணாடிக்குள் இருக்கும் பழைய பூட்டைக் காட்டி, இது யாருக்காக, அவருடைய எந்தக் கஷ்டத்துக்காகச் செய்தது என்று யோசிக்க வைப்பாள். பிறகு பிள்ளைகளை ஜோடியாக உட்காரவைத்து, எதிரில் இருப்பவரின் கஷ்டத்தைக் கேட்டு, அதைத் தீர்க்கும் ஒரு பொருளை அட்டையில் செய்யச் சொல்வாள்.

அன்று அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தரிக்கோலை எங்கெங்கோ தேடினாள். அது கையிலேயே இருந்தது. வந்திருந்த பள்ளிக் கூட்டத்தில் அவள் மகளும் ஒருத்தி. மகளின் காலடியில் ஒரு துணிப்பை. பட்டறை முடிந்ததும் சித்தி வீட்டுக்குப் போகிறாளாம்; இனி அங்கேயேதான் இருப்பாளாம். நேற்றுச் சண்டையில் வாய் சொன்னதை இன்று பை சொன்னது.

"கேக்காம வெட்டாதீங்க பசங்களா," என்று ஆரம்பித்தாள். "முதல்ல ஏன்னு கேளுங்க. ஆனா திட்டுற மாதிரி கேக்கக் கூடாது."

"எங்க வீட்ல ஏன்னாலே திட்டுதான்," என்றாள் மகள், யாரையும் பார்க்காமல். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

இரண்டிரண்டு பேராகப் பிரித்தபோது மகள் மட்டும் தனியாக மிஞ்சினாள்.

"அட்டைக்காவே ஜோடியா உக்காரட்டும்!" என்று ஒரு வாயாடி கத்தினாள்.

அட்டைக்கா மகளின் எதிரே உட்கார்ந்தாள். "உனக்கு என்ன வேணும்?"

"கதவு."

"கதவா? ஏன்டி..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏம்மா?"

"படுக்குறதும் கூடம், படிக்கிறதும் கூடம். அழணும்னாகூட பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டு அழறேன். நீ அங்கேயும் வந்து தட்டுறே."

மேலே ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்தாள். ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டையை இழுத்துப் போட்டு வெட்டினாள், மடித்தாள், கண்ணீர் விழுந்த இடத்தில் பசை ஒட்டவில்லை, மறுபடி தடவினாள். ஆள் உயரத்துக்கு மூன்று மடிப்புத் தடுப்பு, நடுவில் கதவு, அதில் அட்டைத் தாழ்ப்பாள். மூச்சு வாங்க மகளைப் பார்த்தாள்.

மகள் சுற்றி வந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வெச்சிருக்கே, அம்மா. நான் உள்ளே இருக்கக் கதவு கேட்டேன். நீ என்னைப் பூட்டி வைக்கக் கதவு செஞ்சிருக்கே."

அட்டைக்கா தாழ்ப்பாளைப் பிய்த்தாள். மகளின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீயே ஒட்டிக்கோ. எங்க வேணுமோ அங்க."

மகள் தடுப்புக்குப் பின்னால் போனாள். கதவு மூடியது. உள்ளே பசை டப்பா திறக்கும் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. துணிப்பை வெளியே கிடந்தது. அட்டைக்கா கதவருகே போனாள், திரும்பினாள், மறுபடி போனாள். நகத்தால் மெல்லத் தட்டினாள்.

"யாரு?"

"அம்மா."

"கொஞ்சம் இரு."

இருப்பதுதான் அவளுக்குத் தெரியாத வேலை. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கடைசியில் தாழ்ப்பாள் நகர்ந்தது. அழுது சிவந்த மூக்கு எட்டிப் பார்த்தது.

"நிஜக் கதவு எப்ப வைப்பே?"

"இந்த வாரமே தச்சரைக் கூட்டிட்டு வர்றேன்டா."

"அதுவரைக்கும் இதைத் தூக்கிட்டு வா, வீட்டுக்கு."

"இவ்வளவு பெருசை பஸ்ல ஏத்த மாட்டாங்கடி!"

"அப்ப நடப்போம். ஒரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்."