ஓடிபி சொல்லாத சேட்டன்

மட்டாஞ்சேரியில் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கினேன். ஆர்.சி.யில் பெயர் மாற்றுவது மட்டும்தான் பாக்கி. விற்றவரும் நானும் ஓர் இணைய மையத்தில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய போனுக்கு வரும் ஓடிபியை அவர் சொன்னால் போதும், வண்டி எனக்கு.

நரைத்த சுருள் முடி, இஸ்திரி கலையாத வெள்ளை முண்டு. அடிக்கடி எழுந்துபோய், மழையில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு வந்தார். மழையோ விடுவதாக இல்லை. கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை ஈரக்காற்றில் மிதந்து வந்து, எல்லோரையும் பாதித் தூக்கத்தில் வைத்திருந்தது. எனக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை.

"ஓடிபி வந்துதா சேட்டா?"

"வந்துது மோனே. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடுச்சு."

மறுபடி அனுப்பச் சொன்னோம். அதையும் பார்த்துக்கொண்டே இருந்து காலாவதியாக விட்டார். கணினி முன்னால் இருந்த பெண் சிரித்தாள். "லவ் லெட்டரா சேட்டா, இப்படிப் பாக்கறதுக்கு?"

நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினேன். "குடுக்க மனசில்லைன்னா இப்பவே சொல்லிடுங்க சேட்டா."

"மனசெல்லாம் உண்டு. வீடு பொண்டாட்டி பேர்ல, கடை தம்பி பேர்ல. என் பேர்ல இருக்கறது இது ஒண்ணுதான். நம்பரைச் சொல்லிட்டா அதுவும் இல்லையே, அதான்."

இன்னொரு முறை அனுப்பச் சொன்னேன். அடுத்து வந்த எண்ணை அவரே வாசித்தார், ஒவ்வொன்றாக, கடைசி எண்ணுக்கு முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு. பிறகு குடையை விரித்துப் படகுத்துறைப் பக்கம் நடந்துபோனார்.

ஆர்.சி. என் பெயருக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் தங்கியிருக்கும் கலூரில் வண்டியை நிறுத்தும்போது யாராவது "வண்டி யாருது?" என்று கேட்டால், "ஒரு சேட்டனோடது" என்றுதான் வாய் முந்திக்கொள்கிறது.