ஒரு வரிசை கீழே

என் உயரம் ஆறடி இரண்டங்குலம். அக்கா நாலடி ஒன்பது. இரண்டு பேரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்றால் மல்காஜ்கிரியில் புதிதாகக் குடிவந்தவர்கள் நம்பமாட்டார்கள். அவள் என்னை ஒட்டடைக்குச்சி என்பாள், நான் அவளைக் குள்ளக்கத்திரிக்காய் என்பேன். அந்த உயர வித்தியாசம்தான் அவள் புருஷனைக் கொன்றது. மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் மேலே படியுங்கள்.

செல்போனில் பொத்தான்கள் மட்டுமே இருந்த காலம் அது. தொடுதிரை என்றால் ஜனங்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, ஆஸ்பத்திரிகளிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தொடுதிரைப் பெட்டிகளை நிறுவிக்கொண்டிருந்தது. ஆளுயரப் பெட்டி. உள்ளே தடித்த கண்ணாடிபோட்ட பழைய மானிட்டர், அதற்கு முன்னால் தொடுபலகை, அடியில் கம்ப்யூட்டரும் டோக்கன் அடிக்கிற பிரிண்டரும். பெட்டியை நிறுத்துவது, கெட்டுப்போனால் ஓடிப்போய்ச் சரிசெய்வது எல்லாம் என் வேலை.

தொட்டால் படத்துக்குத் தெரிகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படத்துக்கு ஒரு மண்ணும் தெரியாது. படம் இருப்பது பின்னால் மானிட்டரில், நாம் தொடுவது முன்னால் இருக்கிற பலகையில். அந்தப் பலகையில் மின்சாரம் பாய்கிற இரண்டு படலங்கள், நடுவே மயிரிழை இடைவெளி. விரல் அழுத்தினால் மேல்படலம் கீழ்ப்படலத்தில் போய் ஒட்டும். ஒட்டின இடத்தைப் பொறுத்து மின்னழுத்தம் மாறும். குறுக்குவாட்டில் ஓர் எண், நெடுக்குவாட்டில் ஓர் எண், அவ்வளவுதான் வெளியே வரும். அந்த எண்கள் திரையில் எந்த இடம் என்பதை யாராவது அதற்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும். மூலைகளில் கூட்டல்குறிகள் வரும், ஒவ்வொன்றின் மேலும் விரலை வைக்கவேண்டும். மிச்ச இடங்களை அதுவே கணித்துக்கொள்ளும். இதற்குக் காலிபரேஷன் என்று பெயர். ஊரில் இருந்த எங்கள் பெட்டிகள் அத்தனைக்கும் காலிபரேஷன் செய்த விரல் என்னுடையது. நின்றவாக்கில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

அப்படி நான் நிறுவிய ஓர் ஆஸ்பத்திரியின் பெட்டியில் முதலில் எட்டுப் பிரிவுகள்தான் இருந்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டாக்கிவிட்டார்கள். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு சின்னப் படம், பக்கத்தில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பெயர். வரிசைகள் நெருங்கி, விரல் அகலத்துக்கு வந்துவிட்டன. இருதயத்துக்கு நேர் கீழே பல் இருந்தது.

டோக்கன் மாறி வருகிறது என்று மாதத்துக்கு நாலைந்து புகார் வரும். போவேன், பெட்டி முன்னால் நின்று நானே அழுத்திப் பார்ப்பேன், சரியாக வரும். புகார்ப் புத்தகத்தில் 'பயன்படுத்துபவர் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இந்த ஜனங்களுக்கு அழுத்தக்கூடத் தெரியவில்லை என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். புகார் கொடுத்தவர்கள் எத்தனை உயரம் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவின் புருஷன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். உடம்புக்கு என்று ஒருநாள் லீவு போட்டவர் இல்லை. அன்று காலையில் அக்கா போன் செய்தாள்.

"எழுந்ததுலேர்ந்து மாருல என்னமோ அழுத்துதுங்கறாரு. தாடையும் வலிக்குதாம். கேஸ்தான், விட்டுடுங்கறாரு. நான்தான் கேக்கல. நீ மிஷின் வச்சியே, அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போறேன்."

"போனதும் மிஷின்ல டோக்கன் எடுத்துடுக்கா. இருதயம் படம் போட்டிருக்கும். தொட்டாப் போதும்."

"நக்கோடா, வேணாம். எனக்கு அதெல்லாம் பழக்கமில்ல. கவுண்டர்லயே கேட்டுக்கறேன்."

"கவுண்டர்ல நின்னா மத்தியானமாயிடும். அதைக் கொழந்தகூடத் தொடும், போக்கா."

நான் சொன்னதால்தான் அவள் கவுண்டருக்குப் போகவில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் தலை நிமிர்ந்து மாமாவின் முகத்தை ஒருதரம் பார்த்திருந்தால், வேர்வையைக் கண்டு உடனே உள்ளே அனுப்பியிருப்பார்கள். மிஷின் முகத்தைப் பார்ப்பதில்லை.

அக்கா இருதயப் படத்தின் மேல் விரலை வைத்தாள். துண்டுச்சீட்டு வந்தது. அதில் இருந்த ஆங்கிலம் அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அறை எண் மட்டும் தெரிந்தது. அந்த அறை வாசலில் இருந்த ஆயாவிடம் சீட்டைக் காட்டினாள். ஆயா எண்ணைப் பார்த்துவிட்டு, "ஹவ் அம்மா, யஹீச் ரூம். பைட்டோ" என்று பெஞ்சைக் காட்டினாள். ஆமாம், இதே அறைதான், உட்காரு என்கிறாள். சுவரில் பல் படங்கள் மாட்டியிருந்தன. அக்காவுக்குச் சந்தேகம் வந்ததாம். ஆனால் மாமாவுக்குத் தாடையும் வலித்ததே. முதலில் பல்லைப் பார்த்துவிட்டுத்தான் நெஞ்சுக்கு அனுப்புவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். மாமா அவள் தோளில் சாய்ந்தார், அப்புறம் பெஞ்சிலிருந்து சரிந்தார்.

பள்ளிக்கூடத்திலிருந்து அவர்கள் மகளை அழைத்துக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவசரப் பிரிவு டாக்டர், வந்ததுமே நேராக இங்கே கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். குழந்தை அதைக் கேட்டது. பதினாலு வயது, இங்கிலீஷ் மீடியம். அம்மாவின் கையில் கசங்கியிருந்த சீட்டை வாங்கிப் படித்தாள்.

"அம்மா, இதி டெண்டல்" என்றாள்.

அக்கா புரியாமல் பார்த்தாள். "நான் இருதயத்துலதான்டி கை வச்சேன்."

"லேது. நுவ்வே தப்பு நொக்காவு." இல்லை, நீதான் தப்பாக அழுத்தினாய். பிணத்துக்குப் பக்கத்தில் நின்று, அழாமல், கணக்கு வாத்தியார் மாதிரி அதைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அம்மாவிடம் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

மூன்றாம் நாள், இறப்புச் சான்றிதழுக்கான காகிதங்களை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெட்டியிடம் நின்று இருதயத்தை அழுத்தினேன். இருதயம் வந்தது. பத்துத் தடவை அழுத்தினேன், பத்துத் தடவையும் இருதயம். பாவம், அக்காதான் தப்பு செய்துவிட்டாள் என்று எனக்கும் தோன்றிவிட்டது. எதற்கும் ஒயரைப் பார்த்துவிடுவோம் என்று கீழ்க்கதவைத் திறந்து குந்தினேன். குந்தினபடியே அண்ணாந்து பார்த்து, கையைத் தூக்கி இருதயத்தைத் தொட்டேன். திரையில் பல் மின்னியது.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. படத்துக்கும் பலகைக்கும் நடுவே கிட்டத்தட்ட இரண்டு விரற்கடை ஆழம். மேலிருந்து பார்க்கிறவனின் பார்வை சரிவாக இறங்குகிறது, அதனால் அவன் விரல் பலகையில் படத்தைவிட உயரமான இடத்தில் படும். நான் நெட்டையன். நான் தொட்ட அந்த உயரமான இடத்தைத்தான் இருதயம் என்று அதற்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். குள்ளமான ஒருத்தி அதே படத்தை நேர்ப் பார்வையில் பார்த்துத் தொட்டால், அவள் விரல் என்னுடையதைவிடக் கீழே படும். மிஷின் அதை ஒரு வரிசை கீழே என்று எடுத்துக்கொள்ளும். அக்கா சரியாகத்தான் தொட்டாள். மிஷின்தான் என் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

முழங்காலை மடக்கி நடுவாந்தர உயரத்துக்குத் தாழ்ந்து மறுபடி காலிபரேஷன் செய்தேன். பன்னிரண்டு வரிசைகளை இரண்டு பக்கமாகப் பிரித்துப் பெரிதாக்கினேன். புகார்ப் புத்தகத்தில் 'வழக்கமான பராமரிப்பு' என்று எழுதினேன். பழைய பக்கங்களை மட்டும் புரட்டிப் பார்க்கவில்லை, பயமாக இருந்தது.

அக்கா வீட்டுக்குத் திரும்பினேன். சாவு வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து வந்த காபியை அக்கா எனக்கு ஊற்றிக்கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மிஷினைப் பாத்தியாடா?"

எதிரில் அவள் மகள் இருந்தாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டாமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன். மிஷின் சரியாத்தான் இருக்குக்கா" என்றேன்.

பொய்கூட இல்லை, பாருங்கள். அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் சரியாக்கிவிட்டு வந்திருந்தேன். வேலை போய்விடும், போலீஸ் வரும், கம்பெனி என்னைத் தனியாகக் கழற்றிவிடும், இதெல்லாம்தான் மனதில் ஓடியது. மாமா திரும்பிவரப் போகிறாரா என்றும் ஒரு சாக்கு. எய்தவன் காபி குடித்தான், அம்பு உதை வாங்கியது. மகள் புத்தகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

ஒன்பது வருடங்கள். அக்கா எதையும் அழுத்துவதையே விட்டுவிட்டாள். ஏடிஎம் பக்கம் போகமாட்டாள். யாராவது புதுப் போனைக் கையில் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். மகள் படித்து முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனாள். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று என்னைத்தான் கேட்பாள்.

நானோ ஹைடெக் சிட்டிப் பக்கம் ஒரு பெரிய கம்பெனிக்கு மாறி, செல்போன் தொடுதிரைக்கு மென்பொருள் எழுதினேன். இந்தக் கண்ணாடியை அழுத்தவே வேண்டாம். விரல் பட்டாலே அடியில் ஓடுகிற நுண்கம்பிகளில் மின்னூட்டம் மாறும். விரல் ஊசிமுனை இல்லையே, ஒரே நேரத்தில் பல கம்பிகளின் மேல் படியும். அவற்றின் நடுப்புள்ளியை மென்பொருள் கண்டுபிடிக்கும். அதிலும் ஒரு சங்கதி உண்டு. மனிதன் தான் தொட்டதாக நினைக்கிற இடம், அவன் விரல் படிகிற இடத்துக்குச் சற்று மேலே இருக்கும். ஆகவே புள்ளியைக் கொஞ்சம் மேலே நகர்த்தவேண்டும். இந்த நகர்த்தலில் நான் கில்லாடி என்று பெயர் வாங்கினேன். 'தப்பு யூசருடையது இல்லை, நம்முடையது' என்று மீட்டிங்கில் பேசிக் கைதட்டு வாங்கினேன். வாய் கூசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா குகட்பள்ளியில் என் ஃபிளாட்டுக்கு மீன்குழம்பு கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். நேரமாகியும் காணோம். கீழே போனேன். லிப்ட் முன்னால், தூக்குச்சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றிருந்தாள். பொத்தானை அழுத்த யாராவது வருவார்களா என்று இருபது நிமிடமாகக் காத்திருக்கிறாள். மாடிப்படி ஏற முட்டி விடவில்லை.

மேலே கூட்டிவந்து உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். உயரம், பார்வை, பலகை, பல். தட்டைக் கவிழ்த்து, விரலை வைத்துக் காட்டினேன்.

"அப்போ நான் சரியாத்தான் தொட்டேனா?" என்றாள்.

"சரியாத்தான்க்கா தொட்ட."

"இன்னொருவாட்டி சொல்லு."

சொன்னேன். அவள் அழுதாள். என் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நீ என்னடா பண்ணுவ, நெட்டையாப் பொறந்தது உன் தப்பா? தெரியாம நடந்ததுக்கு என்ன பண்றது" என்றாள். எனக்கும் அழுகை வந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் மறைப்பானேன். "அவளுக்கு போன் போடு. நீயே சொல்லு, நான் சொன்னா நம்பமாட்டா" என்றாள்.

ஸ்பீக்கரில் போட்டேன். மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மாமய்யா, இதி மீக்கு எப்பட்டி நுஞ்சி தெலுசு?"

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்கிறாள். அக்கா அதைக் கேட்கவே இல்லை. ஏதோ நேற்றைக்குத்தான் எனக்குப் புரிந்ததென்று எண்ணிக்கொண்டாள் போலிருக்கிறது. இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது.

"மூணாம் நாள்லேர்ந்து" என்றேன்.

மகள் போனை வைத்துவிட்டாள். அக்கா என் தோளிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"அன்னிக்கு நீ மிஷின் சரியாத்தான் இருக்குன்னு சொன்னப்போ, அவளும் அங்கதானடா உக்காந்திருந்தா?"

"ஹவ்க்கா" என்றேன்.

அவள் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். அம்மாவும் மகளும் இப்போது தினமும் பேசிக்கொள்கிறார்களாம். மல்காஜ்கிரியில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.