மூன்று அவிழ்ப்புத் தூரம்

கொற்கைக் குளத்தங்கரையில் வண்டிக்காரர் சுடலைமுத்து மாடுகளை அவிழ்த்துவிட்டிருக்கிறார். பாளையங்கோட்டையில் என் மனைவிக்குப் பேறுவலி. காயல்பட்டினத்திலிருந்து விடியற்காலையிலேயே புறப்பட்டும் பாதி வழிகூட வரவில்லை.

"இன்னும் எவ்வளவு தூரம்?"

"மூணு அவுப்பு, வாத்தியாரய்யா."

மாட்டை அவிழ்த்து இளைப்பாற்றும் இடங்களைத்தான் எண்ணுகிறார். மைல் அவருக்குக் கணக்கே இல்லை. எரிச்சலோடு கையிலிருக்கும் பத்திரிகையை வாசித்துக் காட்டுகிறேன். வடக்கே பனி தேசத்தில், இரண்டு ஊர்களுக்கு இடையே நாற்பது மைலை ஆகாய விமானம் ஒரு மணி நேரத்தில் கடந்ததாம்.

"நடுவுல எங்கன அவுத்தாவ?"

"அவிழ்க்கவே இல்லை."

"அப்பம் தூரமே இல்லல்லா? பின்ன எதுக்கு ஒரு மணி நேரம்?"

நான் பூகோளம் சொல்லிக்கொடுப்பவன். பறந்தால் பாளையங்கோட்டை எத்தனை மைல்? ஆற்றோடு வளைந்து போகும் சாலையின் மைல்கற்களைத் தவிர எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பத்திரிகை ஓரத்தில் பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டு, அடித்துவிடுகிறேன்.

சுடலைமுத்து மாடுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் பூட்டுகிறார்.

"அடுத்த அவுப்புல நிக்க வேண்டாம். பாரம் குறையட்டும், நான் ஏறாம நடக்கேன்."

வண்டி நகர்ந்ததும் திரும்பிப் பார்க்கிறார்.

"இப்பம் தூரம் ரெண்டுதான், அய்யா."

இன்னொரு அவிழ்ப்பும் குறையட்டும் என்று நானும் இறங்கி நடக்கிறேன்.