வேலையே இல்லாத கம்ப்யூட்டர் ஏன் இரைந்தது?

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடி மாதம், அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கத் தெருவில் இருக்கும் என் பட்டறையில் நடந்தது இது. பட்டறை என்பது என் வாய்ப்பழக்கம். வாசல் போர்டில் 'லேசர் கட்டிங்' என்றுதான் போட்டிருக்கிறது. தகட்டை மிஷினில் படுக்க வைத்து, கம்ப்யூட்டரில் படம் போட்டு அனுப்பினால், அந்தப் படத்தின்படியே அறுத்துக் கொடுத்துவிடும்.

நான் படித்தது ஐந்தாவது. என் அப்பா நசரத்பேட்டையில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். நான் சின்ன வயதில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்கச் சேர்ந்தேன். இன்று பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்கிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, நானாகச் சம்பாதித்த பெருமை இது. அதிலும் என் காதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஓடுகிற மோட்டார் மேல் ஸ்குரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால், எந்த பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவேன். டிகிரி படித்த என்ஜினீயர்களே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

படம் போடும் வேலையை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். வேப்பம்பட்டிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். அவள் வீட்டில் அவள் ஒருத்தி சம்பளம்தான் என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடமாக ஒரு குறை சொல்ல முடியாத வேலை. அந்த ஆடியில்தான் எல்லாம் கோணலானது. அரை மணியில் முடிகிற படம் மத்தியானம் வரை இழுத்தது. தகட்டைச் சுமந்துகொண்டு மிஷின் சும்மா நின்றது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பாகங்கள் வாங்கும் கம்பெனி, இந்த வெள்ளிக்கிழமையும் சரக்கு வராவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டது.

என் மச்சினன்தான் பட்டறையில் எனக்கு அடுத்த ஆள். அவன் தீர்ப்பே எழுதிவிட்டான். "மாமா, கம்ப்யூட்டரு நல்லாத்தான் கீது. அந்தப் பொண்ணு செல்ல நோண்டிக்கினு, பழிய அது மேல போடுது. வெள்ளிக்கிழமையோட கணக்க முடிச்சி அனுப்பிச்சிடு."

நானும் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோர் முன்னாலும், மிஷின் பக்கத்தில் நிற்க வைத்து அவளைத் திட்டினேன். அவள் அழவில்லை. "சார், நான் ஒரு வாட்டி க்ளிக் பண்ணா அது பத்து நிமிஷம் யோசிக்குது. நான் என்ன பண்ணட்டும்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்தார். உள்ளே என்னென்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, பழைய பெட்டி, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பட்டியலைத் திறந்த விதத்தை நான் கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டேன். அவர் போனதும் நானே திறந்தேன். ஆங்கிலம் எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். நாற்பது ஐம்பது பெயர்கள், ஒன்றுகூடத் தெரிந்த பெயர் இல்லை. அதில் ஒரு பெயரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. இதுதான் திருடன் என்று நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டேன்.

கம்ப்யூட்டர் அறைக்கு வெளியே மிஷின் பாதி அறுப்பில் நின்றது. நான் நிறுத்தியது, கம்ப்யூட்டரும் மிஷினும் பேசிக்கொள்ள உதவுகிற புரோகிராம். ஒரு முழு ஸ்டெயின்லெஸ் தகடு குப்பைக்குப் போயிற்று. மச்சினன் கதவில் சாய்ந்துகொண்டு, "சூப்பர் மாமா. திருடனப் புடிக்கிறேன்னு வாட்ச்மேன அடிச்சி சாய்ச்சிட்ட" என்றான். பட்டறையே சிரித்தது. ஆணவத்துக்குக் கிடைத்த அடி, வாங்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு நேரம் என்பதால் மிஷின், கம்ப்ரசர் எல்லாம் நின்றிருந்தன. மனசு சரியில்லாமல் நான் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தேன். அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் ஃபேன் மூச்சுவாங்கிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு படமும் திறந்திருக்கவில்லை. சும்மா சுற்றுகிற மோட்டாருக்கு ஒரு சத்தம், பாரம் இழுக்கிற மோட்டாருக்கு ஒரு சத்தம். இது பாரம் இழுக்கிற சத்தம். வேலையே கொடுக்காமல் எந்தப் பாரத்தை இழுக்கிறது?

சோற்றுக் கையைக் கழுவிவிட்டு ஓடிப்போய் ஸ்குரூடிரைவரை எடுத்து வந்தேன். கம்ப்யூட்டர் பெட்டி மேல் வைத்துக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் உள்ளே வந்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் குனிந்து பட்டியலைத் திறந்தாள். திறந்த சில நொடிகளில் இரைச்சல் அடங்கிவிட்டது. எல்லாம் தூங்குகிற மாதிரிப் பட்டியல் காட்டியது. மூடினாள். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் இரைச்சல். திறந்தால் அடங்குகிறது, மூடினால் கிளம்புகிறது. நான்கு முறை செய்து பார்த்தோம்.

"இன்னாம்மா இது? நம்ம ஆளுங்க நான் வந்தா வேல செய்றமாரி காட்டுவானுங்க. இது நாம பாத்தா தூங்குறமாரி நடிக்குது."

"அதான் சார் சர்வீஸ்காரர் கண்ணுல மாட்டல. ஆனா எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? பாக்கும்போது எல்லாமே தூங்குதே."

இங்கேதான் என் அனுபவம் வேலை செய்தது. எங்கள் கம்ப்ரசரில் ஒரு மீட்டர் உண்டு. இப்போது ஓடுகிறதா என்று அது சொல்லாது. இதுவரை மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். அதைப் பார்த்துத்தான் ஆயில் மாற்றுவோம். "அந்தமாரி மீட்டரு இதுல கெடையாதா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு பட்டியலின் தலைப்பில் ஏதோ தட்டி, மறைந்திருந்த இன்னொரு எண் வரிசையை வரவழைத்தாள். ஒவ்வொரு புரோகிராமும் கம்ப்யூட்டரை இதுவரை எவ்வளவு நேரம் உழைக்க வைத்தது என்ற கணக்கு அதில் இருந்தது. பெரியது மேலே வரும்படி அடுக்கினாள். அவள் நாளெல்லாம் படம் போடும் புரோகிராம் இரண்டாவது இடத்தில் இருந்தது. அதைப்போலப் பல மடங்கு உழைப்பை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரியாத ஒரு பெயர் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஆனால் நிறுத்தும் பட்டனுக்கு என் விரல் போகவில்லை. செவ்வாய்க்கிழமை பட்ட சூடு. தெரியாத பெயர் என்பதால் மட்டும் ஒருவன் திருடன் ஆகிவிட மாட்டான். எங்கள் கேட்டில் புது ஆள் வந்தால் மூன்று கேள்வி கேட்போம். எங்கே தங்கியிருக்கிறாய், யார் ஜாமீன், எப்போதிலிருந்து இங்கே இருக்கிறாய்? அதையே இங்கேயும் கேட்கச் சொன்னேன்.

முதலில் நான் அடித்த அந்த 'வாட்ச்மேனிடம்' கேட்டுப் பார்த்தோம். அது மிஷின் கம்பெனியின் ஃபோல்டரில் ஒழுங்காகக் குடியிருந்தது. அந்தக் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்தும் ஜாமீனாக இருந்தது. அடுத்து இது. கண்டதையும் போட்டு வைக்கிற தற்காலிக ஃபோல்டரில் ஒளிந்திருந்தது. ஒரு கம்பெனியின் கையெழுத்தும் இல்லை. அந்த ஃபைலை மட்டும், பல ஆன்டிவைரஸ்களை வைத்துச் சோதிக்கும் ஒரு வெப்சைட்டில் அவள் போட்டாள். வைரஸ் என்று வரிசையாகச் சிவப்பு விழுந்தது. நம் கரண்டில், நம் கம்ப்யூட்டரை ஓயாமல் கணக்குப் போட வைத்து, எவனோ தனக்கு டிஜிட்டல் காசு சம்பாதித்துக்கொண்டிருக்கிறான் என்று விளக்கினாள்.

அதற்குள் மச்சினனும் வந்து நின்றான். மூன்றாவது கேள்வி பாக்கி இருந்தது. எப்போது வந்தது?

"மூணு வாரம் ஆச்சு சார். ஞாயித்துக்கிழமை மத்தியானம்."

"ஞாயித்துக்கிழம லீவாச்சே" என்று ஆரம்பித்த மச்சினன், "யாரு வந்து தொறந்தது? சாவி..." என்று என் இடுப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

பட்டறைச் சாவி ஒன்றுதான். அது என் அரைஞாணில்தான் தொங்கும். வேறு ஒருவர் கைக்குப் போனதில்லை.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. பட்டறைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு புரோகிராமின் லிங்க் வந்திருந்தது. வாடிக்கையாளர் அனுப்பும் படத்தை, அறுக்கிற படமாக இலவசமாக மாற்றித் தருமாம். இந்தப் பெண் இல்லாமலே நானும் கம்ப்யூட்டரில் வேலை செய்வேன் என்று காட்ட ஆசை. ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து எழுத்துக் கூட்டிப் படித்து அதை ஏற்றினேன். ஆன்டிவைரஸை அணைத்துவிடு என்று அதில் போட்டிருந்தது, அணைத்தேன். மறுபடி போட மறந்தேன். அது சரியாக வேலை செய்யாததால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

"நான்தான்" என்றேன்.

அவள் உடனே வேலையில் இறங்கினாள். நெட் ஒயரைப் பிடுங்கினாள். கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் அதைத் தானாக எழுப்பிவிடும் ஏற்பாட்டைத் தேடி நீக்கினாள். அந்தத் திருட்டு ஃபைலையும் நான் ஏற்றிய இலவசச் சரக்கையும் தூக்கி எறிந்தாள். ஆன்டிவைரஸை உயிர்ப்பித்து இரண்டு முறை சல்லடை போட்டுத் தேடினாள். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினாள். நான்கு மணிக்கு மறுபடி பெட்டி மேல் ஸ்குரூடிரைவரை வைத்தேன். புது பேரிங் போட்ட மோட்டார் மாதிரி, அவ்வளவு மென்மை. ஆறு மணிக்குள் ஐந்து படங்கள் போட்டுவிட்டாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கட்டில் பாகங்கள் முழுவதும் வேனில் ஏறிவிட்டன. அந்தக் கம்பெனி இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறது.

வேன் கிளம்பியதும், திங்கட்கிழமை அவளைத் திட்டிய அதே இடத்தில் அதே ஆட்களை நிற்க வைத்தேன். தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன். மச்சினன், "யம்மா, நான் பேசினத மனசுல வெச்சிக்காத" என்றான். அவள், "பரவாயில்ல சார். இனிமே ஞாயித்துக்கிழமை பெரிய சார் வந்தாலும் கேட்ல அந்த மூணு கேள்வி கேட்டுதான் உள்ள விடணும்" என்றாள். பட்டறை மறுபடி சிரித்தது. இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு எஸ்டேட்டில் இரண்டு பட்டறைகளிலிருந்து கம்ப்யூட்டர் பார்க்க எங்களைக் கூப்பிட்டார்கள். நான் ஸ்குரூடிரைவரோடும் அவள் லேப்டாப்போடும் போனோம். ஒரு இடத்தில் இதேபோல ஒன்றைப் பிடித்தும் கொடுத்தோம். ஐந்தாவது படித்தவன் காதுக்கு எந்த மிஷினும் தப்பாது என்று இப்போதும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஆனால் யார் மேலாவது புகார் வந்தால், வாயைத் திறப்பதற்கு முன் என் கை தானாக இடுப்புக்குப் போய் அந்தச் சாவியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறது.